ஒன்பது விசிறி உபயம்

பிரிக்ஃபீல்ட்சில் இருக்கும் கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழர் மேன்மைப் பேரவையின் மண்டபத்தில் மின்விசிறிகள் ஓடுவதில்லை. பழுது ஒன்றும் இல்லை. ஓடினால் இறக்கைகளில் எழுதியிருக்கும் உபயக்காரர் பெயர்களைப் படிக்க முடியாது, அவ்வளவுதான். ஆறு விசிறி, விசிறிக்கு மூன்று இறக்கை, பதினெட்டுப் பெயர். விவரம் தெரியாத யாராவது சுவிட்சைத் தட்டிவிட்டால் செயலாளர் அய்யாவு இரண்டே எட்டில் போய் நிறுத்திவிட்டு வருவார். ட்யூப்லைட்டுகளுக்கும் அதே மரியாதை. நடுவில் ஒரு சாண் அளவுக்கு வெளிச்சம் வரும். மீதி இடமெல்லாம் சிவப்பு எழுத்தில் குடும்பப் பெயர்கள். குளிரூட்ட ஏர்கோன் ஒன்றும் உண்டு. அதற்கு இன்னும் திறப்பு விழா கூடி வராததால் இரண்டு வருடமாக பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கிறது.

இந்த மண்டபத்துக்குத்தான் லோகேஸ்வரி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒற்றைத் தாளோடு வந்து சேர்ந்தாள்.

அவளுக்கு இருபத்தாறு வயது. கிள்ளானில் ஒரு கப்பல் சரக்கு அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணி வேலை. வேலை முடிந்ததும் அவளும் இன்னும் நான்கு பெண்களும் பேரவையின் மாடி அறையில் உட்கார்ந்து, ஐந்து பேர் ஓர் அணியாக ஆடும் கணினி விளையாட்டு ஒன்றை ஆடுவார்கள். துப்பாக்கியும் ஓட்டமுமான ஆட்டம். நாற்பத்திரண்டு அணிகள் இறங்கிய மாநிலப் போட்டியில் இவர்கள் இறுதி ஆட்டம் வரை வந்துவிட்டார்கள். உடனே பேரவை வாசலில் ஒரு பேனர் கட்டியது. அதில் தலைவரின் முகம் கதவு அளவு. பெண்கள் ஐவரின் முகமும் சேர்ந்து தபால்தலை அளவு.

பேனர் கட்டிய அதே வாரத்தில் ஐந்து கணினிகளில் ஒன்று புகைந்து போனது. மலிவாக வாங்கிய பவர் சப்ளை வெடித்து, போகும்போது மற்ற பாகங்களையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. போட்டி விதியோ கறாரானது. ஐந்து பேரும் பதிவு செய்த ஒரே இடத்திலிருந்து, ஐந்து கணினிகளில் ஆட வேண்டும். ஒன்று குறைந்தாலும் அணி வெளியே. இறுதி ஆட்டத்துக்கு ஆறு வாரம் இருந்தது.

“நாலாயிரம் வெள்ளி போதும் டத்தோ,” என்று லோகேஸ்வரி நிர்வாகக் குழுவின் முன் தாளை வைத்தாள். “நடுத்தர மெஷின்தான் கேக்கறோம். கிராபிக்ஸ் கார்டுக்கே பாதிப் பணம் கிட்ட போயிரும். அப்புறம் ப்ராசசர், மதர்போர்டு, ரேம், நல்ல பவர் சப்ளை, சாதாரண கேசிங் பெட்டி. எஸ்எஸ்டி டிஸ்க் மட்டும் தப்பிச்சிருச்சு, அத பழசுலேருந்து கழட்டிக்குவோம். லைட்டு கீட்டு ஒண்ணும் வேணாம்.”

டத்தோ பட்டம் பெற்ற தலைவர் இராமலிங்கம் தாளைப் பார்த்தார். விளம்பரம் என்றாலே அவருக்குப் பிடிக்காது. இதை அவரே நூறு மேடைகளில் சொல்லியிருக்கிறார். அதில் நாற்பது மேடைகளின் காணொளி பேரவையின் முகநூலில் இருக்கிறது.

“பணமா எடுத்துக் குடுத்தா அதுல என்னம்மா இருக்கு?” என்றார் அவர். “பொருளா வரணும். ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் உபயக்காரர். சமுதாயத்துல கொடுக்கற கை எவ்வளவோ இருக்கு. நாமதான் அந்தக் கையைக் காட்டிக் குடுக்கணும்.”

“எப்படியோ வந்தா சரி டத்தோ.”

“வரும். இப்ப இந்த ப்ராசசர். அதுல பேரு எங்க போடறது?”

லோகேஸ்வரிக்கு முதலில் கேள்வியே புரியவில்லை. “பேரா? அது மேல பேஸ்ட் தடவி, கூலரை வச்சு மூடிருவோம் டத்தோ.”

“மூடாம?”

“மூடாம ஓடாது.”

குழுவில் பதினோரு பேர். பதினோரு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அய்யாவு பதிவேட்டில் ‘ப்ராசசர்: பெயருக்கு இடமில்லை’ என்று எழுதி அடிக்கோடிட்டார்.

“பவர் சப்ளை?”

“அது அடியில, ஒரு தகடுக்குள்ள உக்காந்துரும்.”

“அதுவும் தெரியாதா! அப்ப அதை யாரு குடுத்தாங்கன்னு ஜனங்களுக்கு எப்படித் தெரியும்?”

“மெஷின் ஓடுதுல்ல டத்தோ, அதுலயே தெரியும்.”

இது பதில் அல்ல என்று குழு கருதியது. லாரிக் கம்பெனி வைத்திருக்கும் காஜாங் ராஜன்தான் பேச்சை நல்ல பக்கம் திருப்பினார். “தங்கச்சி, என் அக்கா மகன் மெஷின்ல கலர் கலரா விசிறி சுத்துதே, கண்ணாடி வழியா தெரியுமே, அது என்ன?”

“அது கேசிங் ஃபேன் அண்ணே. ரெண்டு மூணு இருந்தா போதும்.”

“தெரியும்ல?”

“தெரியும்.”

அடுத்த கால் மணி நேரத்தில் ஒன்பது விசிறிகளுக்கு உபயக்காரர்கள் கிடைத்துவிட்டார்கள். பத்தாவதுக்கு இருவர் போட்டியிட்டு, பேச்சு முற்றி, கூட்டம் தேநீருக்காக ஒத்திவைக்கப்பட்டது.

*

பூச்சோங்கில் கணினிக் கடை வைத்திருக்கும் ரியாஸ் மறு சனிக்கிழமை போன் போட்டான்.

“சிஸ்டர், உங்க பேரவை ஆளுங்க வந்துட்டுப் போனாங்க. நானும் பதிமூணு வருஷமா கடை நடத்தறேன், இப்படி ஒரு மெஷின் வித்ததில்ல.”

“என்ன பாஸ் வாங்கினாங்க?”

“ஒம்பது ஃபேன். டத்தோ வந்து, ‘இருக்கறதுலயே பெரிய கேசிங் எது’ன்னு கேட்டாரு. மூணு பக்கம் கண்ணாடி. மீன் வளக்கலாம். அந்தக் காசுல ஒரு ப்ராசசரே வரும் சிஸ்டர், சொன்னேன், கேக்கல. லாரிக்காரர் கிராபிக்ஸ் கார்டு எடுத்தாரு. ரெண்டு ஃபேன் கார்டு ஒண்ணு நல்லா வேகமா இருக்கும், அதே விலைன்னு காட்டினேன். மூணு ஃபேன்தான் வேணும்னுட்டாரு.”

“ஏன்?”

“ஒண்ணுல ‘ராஜன்’, ஒண்ணுல ‘லாரி’, ஒண்ணுல ‘சர்வீஸ்’.”



“மகளிர் பிரிவுத் தலைவி சீதாலெட்சுமி அக்கா மதர்போர்டுக்கு வந்தாங்க,” என்று ரியாஸ் தொடர்ந்தான். “‘வெள்ளை நிறத்துல குடுங்க தம்பி, எழுத்து எடுப்பா தெரியணும்’னாங்க. வெள்ளையில உங்க லிஸ்டுக்கு ஒத்துவர்ற போர்டைத்தான் எடுத்துக் குடுத்தேன். அதுவரைக்கும் என்னால முடிஞ்சது. ரேம் ரெண்டு துண்டு, ஒரு புருஷன் பொண்டாட்டி எடுத்துக்கிட்டாங்க. ஆனா ப்ராசசரும் பவர் சப்ளையும் யாருமே தொட்டுக்கூடப் பாக்கல சிஸ்டர்.”

“அது ரெண்டும் இல்லாம மத்ததெல்லாம் எதுக்கு பாஸ்?”

“அதான் நானும் கேட்டேன். ‘விளக்கு எரியுமா’ன்னாங்க.”

அவள் நேராகப் பேரவைக்குப் போனாள். அங்கே அய்யாவு பெரிய வரைபடம் ஒன்றை மேசையில் விரித்துப் பென்சிலால் கட்டம் கட்டமாகக் குறித்துக்கொண்டிருந்தார். கிட்டப் போய்ப் பார்த்தால், கீபோர்டு.

“வா லோகேஸ், வா. உன்னாலதான் இந்த யோசனையே வந்துச்சு. ஒரு கீபோர்டுல எத்தனை பட்டன்னு எண்ணிப் பாத்திருக்கியா? நூத்தி நாலு! பட்டனுக்கு அம்பது வெள்ளின்னு சொல்லி எல்லாத்தையும் குடுத்து முடிச்சாச்சு.” அய்யாவுக்குக் குரல் தழுதழுத்தது. “பேரவை வரலாற்றுல ஒரே பொருளுக்கு நூத்தி நாலு பேரு உபயம் போட்டது இதுதான் முதல் தடவை.”

எழுத்துகளை எடுத்துவிட்டு ஒவ்வொரு விசையிலும் ஒரு பெயரைப் பொறிக்கப் போகிறார்கள். ஸ்பேஸ் பார் நீளமானது என்பதால் டத்தோவின் பெயர் பட்டங்களோடு அதில் அடங்கும். ‘ஹோம்’ விசைக்கு மூன்று வீட்டு மனை முகவர்கள் மோதினார்கள். ‘எண்ட்’ விசையை எடுக்க யாரும் துணியவில்லை. கடைசியில் ஓர் ஆயுள் காப்பீட்டு முகவர் மகிழ்ச்சியோடு எடுத்துக்கொண்டார். ‘கண்ட்ரோல்’ சீதாலெட்சுமிக்கு. ‘ஆல்ட்’ ராஜனுக்கு. ‘டிலீட்’ விசையை மட்டும், பதினோரு வருடமாகத் தன்னோடு பேசாத முன்னாள் தலைவர் நாகையாவின் பெயரில், டத்தோ இராமலிங்கமே தன் சொந்தப் பணத்தில் உபயமாகக் கொடுத்தார். அவருடைய பெருந்தன்மையை அன்று எல்லாரும் வியந்தார்கள்.

“அங்கிள், நூத்தி நாலு அம்பதுன்னா ஐயாயிரத்துக்கு மேல வருது. அதுலயே ப்ராசசரும் பவர் சப்ளையும் வாங்கிரலாமே?”

அய்யாவு பென்சிலைக் கீழே வைத்தார். சின்னப் பிள்ளை என்று அவளை மன்னித்த முகம். “அந்தப் பணம் எதுக்குத் தெரியுமா? உபயம் போட்ட நூத்தி நாலு பேருக்கும் பொன்னாடை போத்தணும், மாலை போடணும், கேடயம் குடுக்கணும், சாப்பாடு போடணும். இன்னும் ஐந்நூறு வெள்ளி துண்டு விழுது.”

“இது ஓடாது அங்கிள்.”

“திறப்பு விழாவுக்கு ஓட வேண்டியதில்லம்மா. திறந்தா போதும்.”

“நாங்க ஆட வேணாமா?”

“ஆடுங்க, யாரு வேணாம்னா? இறுதி ஆட்டம் அன்னிக்கே திறப்பு விழா வச்சிருக்கோம். கூட்டம் சேரும்ல.”

அன்று சாயங்காலம் ஐந்து பெண்களும் பேரவைக்கு எதிரே சாலையோர ஒட்டுக்கடையில் உட்கார்ந்தார்கள். தே தாரிக் தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. அணியில் வாய் துடுக்கானவள் புனிதா. “பேசாம வேற பேரவைக்குப் போயிருவோமா லா?” என்று கேட்டாள். அந்த வேறு பேரவையின் வாசலில் ஒரு குப்பைத் தொட்டிக்கு நான்கு பேர் உபயம் என்று எழுதியிருந்ததை இன்னொருத்தி நினைவூட்டினாள்.

“கெஞ்சவும் வேணாம், ஓடவும் வேணாம்,” என்றாள் லோகேஸ்வரி. “தெரியறதெல்லாம் அவங்க வாங்கட்டும். தெரியாதத நாம வாங்குவோம்.”

ஐந்து பேரும் கையில் இருந்ததைப் போட்டார்கள். புனிதா தன் மோட்டார்சைக்கிளுக்கு டயர் மாற்ற வைத்திருந்ததைப் போட்டாள். ரியாஸ் ஒரு தலைமுறை பழைய ப்ராசசரைப் பெட்டியில்லாமல், கூலரோடு, குறைந்த விலைக்குக் கொடுத்தான். “ஆட்டத்துக்கு இது தாராளம். ஆனா பவர் சப்ளையில மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதீங்க சிஸ்டர். இப்பதானே ஒண்ணு பட்டீங்க.” நல்லதாகவே எடுத்தார்கள். பில் போடும்போது அவன் பழக்கதோஷத்தில் கேட்டான்: “இதுல பேரு ஏதாவது ஒட்டணுமா?”

“வேணாம்,” என்றார்கள் ஐந்து பேரும்.

*

விழா நாள் காலையில் லோகேஸ்வரி கணினியைப் பூட்டி முடித்தாள். முதல் தடவையே உயிர் வந்தது. தெரியாத பாகங்கள் இரண்டும் தங்கள் வேலையைச் செய்தன. அவள் கை கழுவிவிட்டு வருவதற்குள் நிர்வாகக் குழுவினர் தங்கள் வேலையைச் செய்திருந்தார்கள். கேசிங்கின் முன்பக்கத்தில் காற்று உள்ளே போக ஒரு வலை இருக்கும். அது முழுக்க, கைகூப்பி நிற்கும் டத்தோவின் படம் ஒட்டப்பட்டிருந்தது. சூடு வெளியேறும் மேல்பக்கத்தில் ஒன்பது விசிறிகளின் உபயக்காரர் பட்டியல். பக்கத்துக் கண்ணாடியில் பேரவையின் கொள்கைகள்.

“அங்கிள், அது மூச்சு விடற இடம்!”

“அதனாலதாம்மா அங்க டத்தோவ வச்சோம்,” என்றார் அய்யாவு, நெகிழ்ந்துபோய்.

அவளுடைய பழைய கீபோர்டையும் காணோம். ‘பாதுகாப்பாக’ அலமாரியில் வைத்துப் பூட்டியாகிவிட்டதாம். சாவி ஷா ஆலமில் அய்யாவு வீட்டில் இருந்தது.

மண்டபம் நிறைந்தது. நூற்று நான்கு உபயக்காரர்கள், குடும்பத்தோடு. மேலே ஆறு விசிறிகளும் பெயர்களைக் காட்டியபடி அசையாமல் நின்றன. மேடையில் ஐந்து கணினிகள், பின்னால் பிரமுகர்கள். ஆட்டம் சரியாக மூன்று மணிக்கு. இரண்டு ஐம்பது ஆகியும் டத்தோ ஒலிவாங்கியை விடவில்லை.

“உபயம் என்பது வெளியே தெரியாமல் செய்வது! வலக்கை கொடுப்பது இடக்கைக்குத் தெரியக்கூடாது என்று நம்புகிறவன் நான். அதனால்தான் என் இரண்டு கைகளையும் கூப்பி, முன்பக்கத்தில் வைத்திருக்கிறேன்! இந்தக் கணினியின் உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. ஆனால் வெளியே யார் இருக்கிறார்கள் என்று உலகத்துக்குத் தெரியும்!”

கைதட்டல். லோகேஸ்வரி எழுந்து போய் அவர் காதருகே சொன்னாள். “டத்தோ, மூணு மணிக்கு ஆட்டம்.”

“இன்னும் நாலு பேரு பேசணும்மா. ஏற்பாட்டாளர் நம்பரைக் குடு, தள்ளி வைக்கச் சொல்றேன்.”

“அது சர்வர் டத்தோ. அதுக்குப் போன் இல்ல.”

அவள் திரும்பி வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மற்ற நால்வரும் உட்கார்ந்தார்கள். புதுக் கணினியின் திரையில் உபயக்காரர் படங்கள் ஓடிக்கொண்டிருந்தன. எழுபத்தாறாவது படத்தில் அது உறைந்து நின்றது.

“கண்ட்ரோல், ஆல்ட், டிலீட் போடு!” என்று புனிதா கத்தினாள்.

லோகேஸ்வரி குனிந்து பார்த்தாள். எழுத்து ஒன்றுமில்லை, எல்லாம் பெயர். “சீதாலெட்சுமி அக்கா எங்க? இதோ. ராஜன் அண்ணன்... நாகையா அங்கிள்...”

ஒலிவாங்கி பக்கத்திலேயே இருந்ததால் மண்டபம் முழுக்கக் கேட்டது. முன்வரிசையில் தள்ளித் தள்ளி உட்கார்ந்திருந்த மூவரும் திடுக்கிட்டார்கள். பேரவை வரலாற்றில் அந்த மூன்று பேரும் ஒரே நேரத்தில் ஒரே காரியத்துக்கு ஒத்துழைத்தது அதுதான் முதல் தடவை. திரை விடுபட்டது.

இரண்டு ஐம்பத்தொன்பதுக்கு ஐந்து பேரும் ஆட்டத்துக்குள் நுழைந்தார்கள்.

முதல் சுற்றை வென்றார்கள். “குதி! டத்தோவ அமுக்கு, அமுக்கு!” என்று புனிதா போட்ட கூச்சலில் டத்தோவின் பேச்சு நின்றது. கூட்டமும் மெல்லத் திரையின் பக்கம் திரும்பியது. இரண்டாம் சுற்றில் தோற்றார்கள். மூன்றாவது, கடைசிச் சுற்று. பாதியில், ஒன்பது விசிறிகளும் வானவில்லாக மின்னிக்கொண்டிருக்க, புதுக் கணினி பொட்டென்று அணைந்தது.

லோகேஸ்வரி கேசிங்கைத் தொட்டாள். தோசைக்கல். ஒன்பது விசிறிகளும் உள்ளே இருந்த அதே சூட்டைச் சுற்றிச் சுற்றி விசிறிக்கொண்டிருந்திருக்கின்றன. நடுவர் திரையில் கடிகாரம் ஓடத் தொடங்கியது. பத்து நிமிட அவகாசம். அதற்குள் ஐந்தாவது கணினி வராவிட்டால் ஆட்டம் எதிரணிக்கு.

அவள் டத்தோவின் நெற்றியோரம் நகத்தைக் கொடுத்து ஒரே இழுப்பாக இழுத்தாள். கைகூப்பிய டத்தோ முழுசாக உரிந்து வந்தார்.

“ஏய்! என்ன பண்றே? அது என் படம்!”

“இது அதோட மூக்கு டத்தோ.”

“குழுவைக் கேக்காம ஒரு ஸ்டிக்கரைத் தொடக்கூடாது! தீர்மானம் இருக்கு!”

“பத்து நிமிஷத்துல குழுவைக் கூட்டிருவீங்களா?”

மேல்பக்கத்துப் பட்டியலும் உரிந்தது. பக்கத்துக் கண்ணாடி கழன்று, கொள்கைகளோடு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றது. பொத்தானை அழுத்தினாள். கணினி எழுந்தது. திரையின் மூலையில் சூட்டைக் காட்டும் எண் இறங்கியது. இறங்கி, பாதியில் நின்றுவிட்டது. மண்டபமே வெந்துகொண்டிருந்தது. நானூறு பேரின் மூச்சு. நூற்று நான்கு பொன்னாடைகள் போர்த்தத் தயாராக.

லோகேஸ்வரி மேலே பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்தாள்.

அய்யாவு புரிந்துகொண்டு ஓடினார். ஆனால் இருபத்தாறு வயதுக்கு முன்னால் அவருடைய இரண்டு எட்டு என்ன செய்யும்? ஆறு சுவிட்சுகளையும் அவள் ஒரே தடவலில் தட்டினாள்.

விசிறிகள் முனகின. இருபது வருடத் தூசு மழையாகக் கொட்டியது. பெயர்கள் மெல்ல நகர்ந்தன, ஒன்றை ஒன்று துரத்தின, கரைந்து வெறும் வட்டமாயின. மண்டபத்தின் குறுக்கே காற்று வந்தது. நான்காம் வரிசையில் யாரோ “அப்பாடா” என்றார்கள்.

“நிறுத்து! பதினெட்டு உபயக்காரங்க பேரு!” என்று டத்தோ சுவிட்சுக்குக் கையை நீட்டினார்.

முன்வரிசையிலிருந்து முன்னாள் தலைவர் நாகையா எழுந்தார். மேடைக்கு மேலே சுற்றிய விசிறியில் ஓர் இறக்கை அவர் போட்ட உபயம். பதினோரு வருடத்துக்குப் பிறகு டத்தோவிடம் அவர் பேசிய முதல் பேச்சு அது.

“கையை எடு இராமலிங்கம். இருபது வருஷமா என் பேரு சும்மா தொங்கிச்சு. இன்னிக்குத்தான் வேலை பாக்குது. விடு லா.”

சூட்டு எண் சரசரவென்று இறங்கியது. கடிகாரத்தில் ஒரு நிமிடமும் பதினாறு விநாடியும் மிச்சம் இருந்தபோது ஐந்தாவது கணினி ஆட்டத்துக்குள் திரும்பியது.

அன்றைய நிகழ்ச்சியைப் பேரவையின் பதிவேட்டில் அய்யாவு சுருக்கமாக எழுதினார்: ‘அணி வென்றது. விசிறிகள் ஓடின. இரண்டாவது குறித்து லோகேஸ்வரியிடம் விளக்கம் கேட்பதென ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.’

விளக்கம் மூன்றாம் நாள் வந்து சேர்ந்தது. அதே மாதிரி ஒற்றைத் தாள். ‘சூடாக இருந்தது. போட்டோம்.’

கீழே பெயர் இல்லை.